சாவிப் பதிவு: ‘கீ கோடிங்’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம்

சொல்: கீ புரோகிராமிங்
கடைப் பேச்சில்: கீ கோடிங், சாவிக்குக் கோடிங் போடுறது, சிப் ஏத்துறது
அகராதி வழியில்: சாவி நிரலாக்கம்
நாம் பரிந்துரைப்பது: சாவிப் பதிவு

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கமோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ, கார் சாவிக்கு டூப்ளிகேட் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது “சிப் சாவியா, சாதாவா?” சிப் சாவி என்றால் அடுத்த கேள்வி: “வண்டி எங்கண்ணா நிக்குது?” வண்டி பென்னாகரத்தில் வீட்டில் நிற்கிறது என்றால் சாவி திரும்பக் கைக்கு வந்துவிடும். கோடிங் சாவிக்குத்தானே, வண்டி எதற்கு என்று பலர் அங்கேயே வாக்குவாதம் செய்வார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, அந்தச் சொல் மேல்.

புரோகிராம் கிரேக்க வேர் கொண்டது. எல்லோரும் பார்க்கும்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் அறிவிப்பு என்பது அதன் பழைய பொருள். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கச்சேரி, நாடகங்களின் நிகழ்ச்சி வரிசையைக் குறித்து, கடைசியில் கணினிக்கு இடும் கட்டளை வரிசைக்குப் பெயரானது. தமிழில் ‘நிரல்’ என்றாலும் வரிசைதான். நன்னூலின் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்றான நிரல்நிறையில் இருப்பது இதே நிரல். நிகழ்ச்சி நிரலிலிருந்து கணினி நிரலுக்கு அது போனது பொருத்தமான பயணம். ஆனால் கார் சாவிக்குள் யாரும் கட்டளை வரிசை எழுதுவதில்லை. ஆகவே ‘சாவி நிரலாக்கம்’ மொழிபெயர்ப்பாகச் சரி, வேலைக்குப் பொருந்தாது.

அங்கே நடப்பது இதுதான். சாவியின் பிளாஸ்டிக் பிடிக்குள் அரிசிமணி நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழலோ கறுப்புக் கட்டையோ இருக்கும். அதுதான் சிப். அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் காந்த அலை விட, அந்த அலையின் சக்தியிலேயே சிப் உயிர் பெற்றுத் தன் அடையாள எண்ணைச் சொல்லும். பழைய வகைகள் எண்ணை மட்டும் சொல்லும். பிறகு வந்தவற்றில் வண்டி ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி ஒன்றை அனுப்பும், சிப் தன் ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டு விடை தரும். விடை சரியானால் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி டீசலையோ பெட்ரோலையோ விடும். இல்லாவிட்டால் சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சிலவற்றில் பிடித்து இரண்டே வினாடியில் நின்றுவிடும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுமினுக்கும்.

இந்தச் சிப்புக்குத் தொழிற்பெயர் டிரான்ஸ்பாண்டர். டிரான்ஸ்மிட்டர், ரெஸ்பாண்டர் இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல். இரண்டாம் உலகப் போரில் ராடாரில் தெரியும் விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று கண்டறியும் கருவிகளோடு புழக்கத்துக்கு வந்தது. ‘பதிலி’ என்று சுருக்கமாகத் தமிழாக்க ஆசை வரும். ஆனால் அதற்கு மாற்றாள் என்ற பொருள் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘மறுமொழிச் சில்லு’ என்றால் குழப்பமில்லை.

வண்டிப் பக்கத்தில் இருப்பது இம்மொபிலைசர், லத்தீனில் அசையாததைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007 முதல் கனடாவிலும் புதிய கார்களுக்கு இது கட்டாயம். நம் ஊர்ச் சாலைகளில் மாருதி வண்டிகளில் ஐகேட்ஸ் என்ற பெயரில் பலர் பார்த்திருப்பார்கள். ‘நகர்வுத் தடுப்பி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. டோ வண்டியில் கட்டி இழுத்தால் கார் நன்றாகவே நகரும், எஞ்சின் மட்டும் ஓடாது. எனவே ‘இயக்கத் தடுப்பி’ பொருந்தும்.

இப்போது தலைப்புச் சொல்லுக்கு வரலாம். புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்தும்போது முக்கியமாக மாறுவது வண்டியின் நினைவகம். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது போன்ற வேலை. ஆள் மாறுவதில்லை, பதிவேட்டில் ஒரு வரி கூடுகிறது. அதனால்தான் ‘சாவிப் பதிவு’ என்கிறோம். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. 46 என்று கடையில் அழைக்கப்படும் பிலிப்ஸ் பிசிஎஃப்7936 போன்ற சில்லுகளில் பதிவின்போது வண்டியின் ரகசிய எண் சில்லிலும் எழுதப்பட்டுப் பூட்டப்படும். அதாவது கையெழுத்து இரண்டு பக்கமும் விழுகிறது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த ரிமோட் சாவி, அதே மாடல் வண்டியாக இருந்தாலும், உங்கள் காரில் ஏறாமல் போவது இதனால்தான். சில்லின் பூட்டை எடுக்கும் கருவி உள்ளவரிடம் கொடுக்கலாம். இல்லையென்றால் புதுச் சில்லு வாங்குவதே மலிவு.

சாவி என்பதே நம் சொல் இல்லை, போர்த்துகீசிய ‘ஷாவே’. ஜன்னல், அலமாரி, மேஜையோடு கப்பலில் வந்தது. தமிழில் திறவுகோல் உண்டு, இலங்கைத் தமிழர் இன்றும் திறப்பு என்கிறார்கள். ஓசூரில் ஒரே கடை வாசலில் தெலுங்கர் ‘தாளம் செவி’ என்று பூட்டின் காதைக் கேட்பார், கன்னடர் ‘பீகத கை’ என்று பூட்டின் கையைக் கேட்பார். சாவி இத்தனை காலம் ஊன்றிய சொல், அதை மாற்றச் சொல்வது வீண். மாற்ற வேண்டியது அதன் பின்னால் வரும் ‘கோடிங்’.

ஒரு கார் சாவியில் தனித்தனியாக மூன்று பொருள்கள் இருக்கின்றன: கதவையும் துளையையும் திருப்பும் இரும்பு அலகு, மறுமொழிச் சில்லு, பட்டன் ரிமோட். மூன்றுக்கும் வேலை வேறு, பழுது வேறு, கூலியும் வேறு. ரிமோட் செத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும். சில்லு செத்தால் கதவு திறக்கும், வண்டி ஓடாது. பழைய டாடா ஏஸ், பொலிரோ வண்டிகளில் பெரும்பாலும் அலகு மட்டும்தான். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றும் ஏஸ்காரருக்கு வெட்டினால் வேலை முடிந்தது. அவரிடம் கோடிங் கூலி கேட்டால் ஏன் என்று கேட்க வேண்டும்.

மூன்றையும் ஒன்றென்று நினைப்பதால் அதிகம் வரும் கேடு ஷெல் மாற்றும்போது நடக்கிறது. பிடி உடைந்தது என்று புது ஷெல் வாங்கி, பச்சைப் போர்டையும் அலகையும் மாற்றிப் போட்டுவிட்டு, பழைய ஷெல்லைக் குப்பையில் எறிந்துவிடுவார்கள். பல மாடல்களில் சில்லு போர்டில் இருக்காது, ஷெல்லின் மூலையில் ஒரு சிறு குழியில் பசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ரிமோட் வேலை செய்யும், கதவு திறக்கும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. குப்பையைக் கிளறினால் தப்பிக்கலாம். கண்ணாடிக் குழல் வகையைத் திருப்புளியால் நெம்பினால் மயிரிழை விரிசல் விட்டாலும் போயிற்று. ஷெல்லை ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கிப் பசை இளகியபின் மரக் குச்சியால் தள்ளுவது பாதுகாப்பு.

பதிவு வேலை நடக்கும் ஒழுங்கைப் பார்க்கலாம். முதலில் பழைய சாவியைப் படிப்பான் வளையத்தில் வைத்துச் சில்லு 46-ஆ, 47-ஆ, 48-ஆ, 4டி-யா என்று பார்ப்பார்கள். வெளியே ஒரே மாதிரி இருக்கும் சாவிகளில்கூட வருடம் மாறினால் சில்லு மாறும். பிறகு அலகு. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். வண்டியோடு வந்த சின்ன உலோகத் தகட்டில் உள்ள எண்ணைக் கொண்டு வெட்டுவதே சரி. அந்தத் தகட்டைச் சாவிக் கொத்திலேயே மாட்டி வைப்பவர்கள் சாவியோடு அதையும் தொலைப்பார்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய அலகு துளையில் நோகாமல் திரும்பினால்தான் அடுத்த படி.

வண்டி பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. விளக்கு, ஏசி, பாட்டு எல்லாம் அணைத்து, நாள்பட்ட பேட்டரி என்றால் சப்போர்ட் சார்ஜர் மாட்டித்தான் தொடங்க வேண்டும். நடுவில் மின்னழுத்தம் விழுந்து எழுத்து பாதியில் நின்றால் எஞ்சின் பெட்டியே முடங்கும், சாவிக்கு வந்தவர் பெட்டிக்குச் செலவழிப்பார். ஸ்டியரிங்கின் கீழே உள்ள 16 முள் ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கும் சாக்கெட்) கருவியைச் செருகி, மாடலும் வருடமும் தேர்ந்து, வண்டிக்குரிய PIN என்ற கடவு எண்ணைக் கொடுப்பார்கள். ஹூண்டாய், கியாவில் இது 6 இலக்கம். ஊகித்துப் போடக் கூடாது. ஹூண்டாயின் ஸ்மார்ட்ரா என்ற இயக்கத் தடுப்பி அமைப்பில் மூன்று முறை தவறினால் ஒரு மணி நேரம் கதவடைப்பு, இக்னிஷனைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்துதான் எல்லாச் சாவியையும் கொண்டுவரச் சொல்வதன் காரணம் தெரியும். பல வண்டிகளில் பதிவு தொடங்கியதுமே பழைய பதிவேடு துடைக்கப்படும். பிறகு ஒவ்வொரு சாவியாகத் துளையில் இட்டு ஆன் செய்து, பதிந்தது என்று கருவி சொன்னதும் எடுத்து அடுத்ததை இடுவார்கள். வீட்டில் பீரோவில் இருக்கும் சாவி அன்றோடு வண்டிக்கு அந்நியம். கெட்டுப்போகவில்லை, பேர் நீங்கியிருக்கிறது, மறுபடி பதியலாம். ஆனால் இன்னொரு கூலி.

முடிந்தபின் சோதிப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒரே வளையத்தில் இரண்டு சாவியும் தொங்க, ஒன்றைத் துளையில் போட்டு ஸ்டார்ட் செய்து ‘ஓகே’ என்பார்கள். பக்கத்தில் தொங்கும் சில்லின் மறுமொழியை வண்டி கேட்டிருக்கலாம். ஒரு சாவியைச் சில மீட்டர் தள்ளி வைத்துவிட்டு மற்றதைச் சோதித்து, பிறகு மாற்றிச் சோதிக்க வேண்டும். சில நேரம் எதிர்மாறாகவும் ஆகும். இரண்டு சில்லுகளும் ஒரே நேரத்தில் பேசி, எதுவும் விளங்காமல் வண்டி மறுத்துவிடும். இரண்டு கார் சாவிகளை ஒரே கொத்தில் போட்டுக்கொண்டு ‘அப்பப்ப ஸ்டார்ட் ஆவல’ என்று வருபவர்களுக்குப் பாதி வைத்தியம் கொத்தைப் பிரிப்பதே.

குளோன் என்பது வேறு வேலை. பதிவேட்டைத் தொடாமல், பழைய சில்லின் அடையாளத்தை எழுதக்கூடிய புதுச் சில்லில் அப்படியே படியெடுப்பது. வேண்டுமானால் ‘படிச்சாவி’ எனலாம். சில வகைகளுக்கு வண்டி வரத் தேவையில்லை, விலையும் குறைவு. இதில் ஒரு சிக்கல். வண்டிக்கு அது இரண்டாவது சாவி என்று தெரியாது. நாளைக்கு அசல் தொலைந்து அதன் பேரை நீக்கினால் படிச்சாவியும் சேர்ந்து நீங்கும். விற்கப்போகும் பழைய காருக்குப் பரவாயில்லை. வைத்து ஓட்டப்போகும் காருக்குப் பதிவுதான் நல்லது.

ரிமோட்டுக்குப் பதிவு தனி. இந்திய வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க, ஜப்பானிய வண்டிகளுக்கான 315 மெகாஹெர்ட்ஸ் போர்டு பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும், பதியவே பதியாது. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் மொத்தமாக வாங்கி வருபவர்கள் அலைவரிசை அளக்கும் கருவியில் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினால் தகராறு இல்லை. பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் புது எண் போவதை ரோலிங் கோட் என்பார்கள். ‘மாறுகுறி’ போதும். தென்னாப்பிரிக்காவில் உருவாகி மைக்ரோசிப் நிறுவனத்திடம் போன கீலாக் என்ற மாறுகுறி முறை இதில் பேர் பெற்றது. அதன் பரவலான எச்சிஎஸ்301 சில்லில், வண்டிக்கு எட்டாத தூரத்தில் குழந்தை 16 முறைக்கு மேல் அழுத்தி விளையாடியிருந்தால் அடுத்த அழுத்தை வண்டி ஏற்காது. அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் தானே ஒத்திசைந்துவிடும். இதற்குப் போய் ‘கோடிங் போயிடுச்சு’ என்று காசு கொடுக்க வேண்டாம்.

கீலெஸ் என்ட்ரி என்பதைச் ‘சாவியில்லா நுழைவு’ என்று எழுதுகிறார்கள். சாவி இருக்கிறது, பாக்கெட்டில் இருக்கிறது. பட்டன் அழுத்துவதைத் தொலைப்பூட்டு என்றும், கையில் இருந்தாலே கதவு திறந்து பொத்தானில் வண்டி கிளம்பும் ஸ்மார்ட் கீயை அணுக்கச் சாவி என்றும் பிரித்துச் சொல்லலாம். அணுக்கச் சாவியின் காசு வடிவப் பேட்டரி தீர்ந்தால் வண்டி நடுவழியில் நிற்காது. ஓட்டத்தில் இருக்கும் எஞ்சினை அது அணைப்பதில்லை. அணைத்தபின், உள்ளே செருகியிருக்கும் அவசர அலகால் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பொத்தானிலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல வண்டிகள் கிளம்பும். பேட்டரியில்லாச் சில்லு அங்கும் உண்டு. பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032, சிலதில் சிஆர்1620 அல்லது சிஆர்1632. முதல் இரண்டு இலக்கம் விட்டம், கடைசி இரண்டு தடிமன். 2025-ஐ 2032 இடத்தில் வைத்தால் அரை மில்லிமீட்டருக்கு மேல் மெலிந்து, தொட்டும் தொடாமலும் நிற்கும்.

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்தபின்தான் பலருக்குப் பாக்கெட்டில் சாவி இருந்தது நினைவுக்கு வரும். கண்ணாடிச் சில்லுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ரிமோட் போர்டைத் தின்பது தண்ணீரும் பேட்டரியும் சேர்ந்துதான். உடனே பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பழைய பல் துலக்கியில் துடைத்து, ஒரு நாள் நிழலில் காய வைத்துப் புதுப் பேட்டரி போடுங்கள். இருந்த ஒரே சாவியும் ஆற்றோடு போயிருந்தால் அது ‘ஆல் கீ லாஸ்ட்’. படியெடுக்க மூலம் கிடையாது, சில மாடல்களில் எஞ்சின் பெட்டியைக் கழற்றி நினைவகத்தைப் படிக்க வேண்டிவரும், செலவு பல மடங்கு. இரண்டாம் சாவி இருக்கும்போதே மூன்றாவதைப் பதிவது சிக்கனம்.

ஓசூரில் கேஏ பதிவெண் கொண்ட பழைய கார்கள் நிறைய கைமாறுகின்றன. விற்பவர் இரண்டு சாவி கொடுத்தார் என்பதால் பதிவேட்டில் இரண்டு பேர்தான் என்று ஆகாது. கருவியில் பல வண்டிகளுக்கு எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்பது எண்ணாகவே வரும். கையில் இரண்டு, திரையில் மூன்று என்றால் பதிவேட்டைத் துடைத்துக் கையில் உள்ளவற்றை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் ஆர்.சி.யும் அடையாள அட்டையும் கேட்டபின்தான் கருவியைச் செருகுவார். கேட்காதவரிடம் வண்டியை விடாதீர்கள்.