செல்ஃப் எடுக்கலேன்னு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்காதீங்க

குறிஞ்சிப்பாடி பக்கம் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். கோடை முழுக்கக் கொட்டகையில் நின்ற பழைய வண்டியெல்லாம் சேடை ஓட்டும் (நடவுக்கு வயலைச் சேறாக்கி உழும்) வாரத்தில்தான் மக்கர் பண்ணும். அப்படித்தான் போன வருஷம் ஒரு பெரியவர் விடியற்காலையிலேயே போன் செய்தார். "தம்பி, செல்ஃபே எடுக்கல."

போய்ப் பார்த்தால் மனுஷன் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து நிற்கிறார். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரின் ரெண்டு போல்ட்டையும் சேர்த்துத் தொட கையில் ஸ்க்ரூ டிரைவர். அதன் தண்டில் பொறி பட்டுக் கருகிய பள்ளம். பல வருஷப் பழக்கம்!

வண்டி கியரில் இருந்தது.

இப்படி ஸ்க்ரூ டிரைவரால் நேரே மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தால் கிளட்ச்சில், கியரில் இருக்கும் சேஃப்டி சுவிட்ச் எதுவும் குறுக்கே வராது. இன்ஜின் பிடித்த நொடியே வண்டி நகரும். ஆள் உயரச் சக்கரம், அது ஏறும் வழியில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். விலகிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், நேரமே இருக்காது.

நான் செய்தது சின்ன வேலை. நியூட்ரலில் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு, சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். 'கடக்' என்றது, லைட் மங்கிப்போனது. அப்படியென்றால் பேட்டரி, இல்லை கனெக்‌ஷன். லைட் மங்காமல் சத்தமும் இல்லாவிட்டால் சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மைனஸை முதலில் கழற்றி, வெந்நீர் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இன்ஜினோடு சேரும் எர்த் ஒயரின் முனையையும்தான். அதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியது. ஆனால் சைலன்சரில் புகையே இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லாவிட்டால் டீசலே போகவில்லை. (இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் நாப் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுமட்டும்தான் கோளாறு என்றால் நான் கூலி வாங்குவதில்லை, டீ போதும்.) ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர். வடித்துவிட்டு, உள்ளே புகுந்த காற்று வெளியேற மேலே உள்ள ஏர் போல்ட்டைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்தேன். நுரை நுரையாக வந்து, பிறகு குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்கினேன். இன்ஜினுக்குள் டீசலை அழுத்திப் பீச்சும் நாசில் குழாய்ப் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.

பத்து விநாடி சுற்றி, அரை நிமிஷம் விட்டு, மறுபடி சுற்றியதில் மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

ஸ்க்ரூ டிரைவர் என் பெட்டியில்தான் கிடக்கிறது. பெரியவர் இன்னும் கேட்கவில்லை.