கீ லைட்: சாவியா, சுருதியா?

முகப்படம் எடுக்கும் ஸ்டூடியோவில் எத்தனை விளக்குகள் இருந்தாலும் முதலில் எரிய வேண்டியது ஒன்றுதான். அதன் ஒளிக்குப் பெயர் கீ லைட். கீ என்றால் சாவி, ஆகவே ‘திறவு ஒளி’ என்று எழுதிவிட்டால் சொல்லுக்குச் சொல் பொருந்திவிடும், பொருள்தான் வராது. திறப்பதற்கு இங்கே பூட்டு எதுவும் இல்லை.

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிற ஒளிதான் கீ லைட். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழும், எந்தக் கன்னம் துலங்கும், கண்மணியில் மினுங்கும் வெள்ளைப் புள்ளி எங்கே நிற்கும் என்பதெல்லாம் அது வரும் திசையைப் பொறுத்தவை. கேமராவிலிருந்து சுமார் 45 டிகிரி பக்கவாட்டில் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு மேலே வைத்துத் தொடங்குவது வழக்கம். அப்போது மற்ற விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் எரியவிட்டு முகத்தைப் பார்த்து, நிழல் மனசுக்குப் பிடித்த பிறகுதான் அடுத்த விளக்கைத் தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் எந்த நிழல் எந்த விளக்கால் வந்தது என்றே தெரியாது. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விளக்கை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி உயர்த்திப் பாருங்கள். மூக்கின் நிழல் நீண்டு கன்னத்து நிழலோடு சேர்ந்துவிடும். இருண்ட கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒரு சிறிய ஒளி முக்கோணம் மட்டும் மிஞ்சும். இதற்கு ரெம்பிராண்ட் லைட்டிங் என்று பெயர். ரெம்பிராண்ட் 1606-இல் லெய்டனில் பிறந்து 1669-இல் ஆம்ஸ்டர்டாமில் மறைந்த டச்சு ஓவியர். மின்விளக்கு இல்லாத காலம் அது. பகலில் ஓவியக்கூடத்து ஜன்னல் வழியே வரும் வெளிச்சம்தான் கீ லைட். ஆகவே இந்தச் சொல் ஒரு கருவியைக் குறிப்பதல்ல, ஒளி செய்கிற வேலையைக் குறிப்பது. ஜன்னலும் கீ லைட் தரும், ஃப்ளாஷும் தரும், ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸுக்குள் இருக்கும் எல்இடியும் தரும். தமிழ்ச் சொல்லைத் தேடும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, ‘கீ’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிற சொல் இது. பூட்டைத் திறக்கும் கருவி என்பதுதான் முதற்பொருள். பிறகு அது விரிந்து, ஒரு விஷயத்தில் மற்றவை எதை நம்பி நிற்கின்றனவோ அதையும் குறித்தது. கீ லைட்டில் இருப்பது இந்தப் பொருள்தான். இன்னொரு கிளை இசைக்குள் போனது. அங்கே கீ என்பது பாட்டின் சுருதி. ஓவியம் பற்றிப் பேசுகிறவர்கள் அதை எடுத்து, ஒரு படம் மொத்தத்தில் எவ்வளவு வெளிர்ந்தது, எவ்வளவு இருண்டது என்று சொல்லப் பயன்படுத்தினார்கள். ஹை கீ, லோ கீ என்று ஸ்டூடியோவில் நாம் சொல்வது இந்தப் பொருளில்தான்.

இனி தமிழ். ‘மூல ஒளி’ என்று எழுதலாமே என்று தோன்றும். ஆனால் ஒளி பிறக்கும் இடத்தை ஏற்கெனவே ‘ஒளி மூலம்’ என்கிறோம், இரண்டும் குழம்பும். ‘தலைமை ஒளி’ என்றால் அலுவலகப் பதவி போல ஒலிக்கிறது. ‘முதன்மை விளக்கு’ கருவியோடு நின்றுவிடுகிறது, ஜன்னலுக்குப் பொருந்தாது. என் தேர்வு ‘முதன்மை ஒளி’. நம் ஸ்டூடியோக்காரர்கள் பேச்சில் ‘மெயின் லைட்’ என்று சொல்வதும் இதே பொருளில்தான். அவர்கள் நாக்கு சரியாகவே பிடித்திருக்கிறது.

ஹை கீ, லோ கீ இரண்டுக்கும் ‘முதன்மை’ உதவாது. அங்கே சுருதியைத்தான் அழைக்க வேண்டும்: மேற்சுருதிப் படம், கீழ்ச்சுருதிப் படம். வெள்ளைப் பின்னணியில் நிழலே தெரியாத குழந்தைப் படம் மேற்சுருதி. கறுப்புப் பின்னணியில் பாதி முகம் மட்டும் துலங்கும் முதியவர் படம் கீழ்ச்சுருதி. இசை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அப்புறம், முதன்மை ஒளியின் துணை ஒன்று இருக்கிறது: ஃபில் லைட். நிழலை அழிக்காமல், அதற்குள் கொஞ்சம் வெளிச்சம் ஊற்றுவது. ‘நிரப்பொளி’ என்றால் போதும். அதற்குத் தனி விளக்குகூட வேண்டாம். நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் முதன்மை ஒளியே திரும்பி வந்து நிரப்பும். இந்தச் சொற்களை வைத்து உதவியாளரிடம் இப்படிச் சொல்லலாம்: “தம்பி, முதன்மை ஒளி அப்படியே இருக்கட்டும். நிரப்பொளி கொஞ்சம் அதிகம், அட்டையை ஓரடி பின்னால் கொண்டு போ. கீழ்ச்சுருதியில் எடுக்கிறோம்.”