பழைய காருக்கு வீட்டிலேயே பிரேக் ஏர் எடுக்கப் போகிறீர்களா?

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பலர் இப்போது தாங்களே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் ஏர் எடுத்த பிறகு, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகு, பிரேக்கே பிடிக்காமல் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: பெடலை அமுக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் கிழிந்திருக்கும்.

தினமும் ஓட்டும்போது பெடல் கொஞ்ச தூரம்தான் இறங்கும். வாஷரும் சிலிண்டருக்குள் அந்த அளவுக்கே போய் வரும். அதைத் தாண்டிய இடத்தில் ஈரம் தங்கி, வருடக்கணக்கில் துரு ஏறியிருக்கும். காற்று வெளியேற சக்கரத்துப் பக்கம் இருக்கும் சின்னத் திருகான நிப்பிளைத் திறந்ததும், அமுக்கிய பெடல் தரை வரை போகிறது. ரப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழிகிறது. அதனால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரையைத் தொட விடவே கூடாது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பிரேக் லைன்தான். அந்த ஒரு வாஷர் போனால் நான்கு சக்கரமும் போச்சு.

அதற்கும் முன்னால், ஏர்தான் பிரச்சினையா என்று பாருங்கள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஏர். கீழே வரை இறங்கி, அப்புறம் கெட்டியாக நின்றால் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் அதை உரசி நிறுத்தும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகிவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வண்டிகளில் அது பெரும்பாலும் பின்பக்க இடது. நிப்பிளில் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க விடுங்கள்.

பெடலில் உட்காருபவர் உங்கள் சொல்லுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"அமுக்குடா."

"அமுக்கிட்டேம்ப்பா."

நீங்கள் நிப்பிளைத் திறந்து, மூடி, அதற்குப் பிறகுதான் "விடு". மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். மாஸ்டர் சிலிண்டரின் பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். நிப்பிள் இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள்; ஒடிந்தால் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டிவரும்.

அலமாரியில் பாதி மிச்சமிருக்கும் பிரேக் ஆயில் பாட்டிலை மறந்துவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். 36 கொண்டை ஊசி வளைவு. சூட்டில் ஆயில் ஆவியானால் பெடல் சும்மா போய் வரும், வண்டி நிற்காது. இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம்கூடக் கலக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும். பெயின்ட்டில் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால், வெளியே கசிவே தெரியாவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. இறங்காமல் நின்று, ஆனால் சில வாரத்தில் மறுபடி பஞ்சாகிவிட்டால் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் ரப்பருக்குள் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.