மார்ஃபின் எழுதத் தயங்கும் மருத்துவர்கள்

சென்ற வாரம், குடும்ப மருத்துவத்தில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர் ஒருவருடன் ஒரு நோயாளியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். வாய்ப் புற்றுநோய் முற்றிய அந்தப் பெரியவர் மூன்று இரவுகளாகப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரை அலமாரியில் இருந்தது. சீட்டிலோ, 'வலி தாங்க முடியாதபோது மட்டும்' என்று இருந்தது. எழுதியவர் என்னுடன் வந்த மருத்துவர்தான். "பழக்கமாகிவிடும், மூச்சு அடங்கிவிடும் என்று பயந்தேன் மேடம்" என்றார். இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

குறைந்த அளவில் வாய்வழியாகத் தொடங்கி, வலிக்கேற்பப் படிப்படியாகக் கூட்டப்படும் மார்ஃபின் உயிரைக் குறுக்குவதில்லை. அளவு மிகுந்தால் மூச்சு குறைவதற்கு முன்பே பொதுவாக மிதமிஞ்சிய உறக்கம் தென்படும். அதைக் கவனிக்கத் தெரிந்தவர் அஞ்ச வேண்டியதில்லை. திடீரென நிறுத்தினால் உடல் தடுமாறுவது வேறு, வலியே இல்லாமல் மருந்தைத் தேடி அலையும் அடிமைத்தனம் வேறு. சாவதற்கு இரண்டு நாள் முன்பு தொடங்கினால், மருந்துதான் கொன்றது என்று குடும்பம் நினைக்கத்தான் செய்யும்; தாமதித்தவர்கள் நாமல்லவா?

இந்த அச்சத்தைப் பயிற்சி மருத்துவர்கள் எங்களைப் போன்ற மூத்தவர்களிடமிருந்தே பெற்றார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமக் கெடுபிடிகளால், மார்ஃபினைக் கையாளாமலேயே படித்து முடித்த தலைமுறை நாங்கள். 2014இல் திருத்தம் வந்து நடைமுறை எளிதானது. எங்கள் கை மட்டும் இன்னும் தளரவில்லை.

ஆகவே, பயிற்சியில் இருப்போரே, தொடர்வலிக்கு மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுங்கள். மெதுவாகக் கரையும் வகையல்லாத சாதாரண மார்ஃபின் மாத்திரையானால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இடையில் வலி எழுந்தால் தர வேண்டிய கூடுதல் அளவையும் அதே சீட்டில் எழுதுங்கள். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும்; மலமிளக்கி எழுதாமல் அதை எழுதாதீர்கள், இதை எத்தனை முறை சொல்வது! சிறுநீரகம் பழுதானவருக்கும் மூப்பில் தளர்ந்தவருக்கும் அளவைக் குறைத்தே தொடங்குங்கள். முதல் சில நாட்களின் குமட்டலையும் தூக்கக் கலக்கத்தையும் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிற்றுவிப்போரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இதை வகுப்பறையில் மட்டும் நடத்தி முடித்துவிடாதீர்கள். வலியால் உறங்காத ஒருவரின் வீட்டுக்கு அவர்களை அழைத்துச் சென்று, அங்கேயே உட்கார்ந்து சீட்டை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலை, இரவு உறங்கினாரா என்று அந்த வீட்டாரிடம் அவர்களே தொலைபேசியில் கேட்கட்டும்.