வருஷத்துல நாலு மாசம்தான் காட்டுக்குள்ள மாடு ஓட்டுறீங்களா? வன உரிமைச் சட்டம் உங்களுக்கும்தான்

மலைமாடு வச்சிருக்கிறவங்க, செம்மறி ஓட்டிட்டுப் போற கீதாரிங்க, ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையில பட்டி போட்டு மேய்க்கிறவங்க, இவங்கள்ல நெறைய பேரு வன உரிமைச் சட்டம்னா காட்டுக்குள்ள குடியிருக்கிற பழங்குடி மக்களுக்கு நிலப் பட்டா குடுக்கிற சட்டம்னு மட்டும்தான் நெனச்சிட்டிருக்காங்க. அது பாதிதான். 2006ல வந்த அந்தச் சட்டத்தோட 3(1)(டி) பிரிவ எடுத்துப் படிச்சா, ஒரே இடத்துல இருந்து மேய்க்கிறதோ இடம் மாறி மாறி மேய்க்கிறதோ ரெண்டுமே சமுதாய உரிமைன்னும், நாடோடி சமூகங்களும் மேய்ச்சல் சமூகங்களும் சீசனுக்கு சீசன் வந்து காட்டப் பயன்படுத்திட்டுப் போறதும் உரிமைதான்னும் தெளிவா இருக்கு. சமுதாய வன வளம்னா என்னன்னு சொல்ற இடத்துலயும் ஊர் எல்லையோட நிக்காம, மேய்ச்சல்காரங்களப் பொறுத்தவரைக்கும் அவங்க பருவத்துக்குப் பருவம் பயன்படுத்துற நிலப்பரப்பையும் சேர்த்தேதான் எழுதியிருக்காங்க, ரிசர்வ் காடு, சரணாலயம், நேஷனல் பார்க் எல்லாம் அதுக்குள்ள வருது.

யாருக்குக் கிடைக்கும்ங்கிறதுலதான் குழப்பம் ஜாஸ்தி. எஸ்டி மக்களுக்கு, 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியிருந்து அந்தக் காட்டை நம்பி வாழ்ந்தா போதும். மத்தவங்க அந்தத் தேதிக்கு முன்னாடி மூணு தலைமுறை, ஒரு தலைமுறைக்கு 25 வருஷம்னு மொத்தம் 75 வருஷம், அதாவது ஏறக்குறைய 1930லேர்ந்தே காட்டை நம்பி வாழ்ந்தவங்கன்னு காட்டணும். தமிழ்நாட்டுல மாடு ஆடு மேய்க்கிற சமூகங்கள் முக்காவாசி எஸ்டி லிஸ்ட்ல இல்ல, அதனால இந்த 75 வருஷம்தான் அவங்களுக்குப் பெரிய மலையா நிக்குது, ஆனா ஏற முடியாத மலை இல்ல.

ஏன்னா ஆதாரம்னா பத்திரம் மட்டும்னு சட்டம் சொல்லல. விண்ணப்பம் போடுறவர் இல்லாத வேற ஒரு பெரியவர் சொல்றத எழுதி வாங்குனா அதுவும் ஆதாரம். பழைய கெசட்டியர், சென்சஸ், சர்வே செட்டில்மென்ட் ரிப்போர்ட், காட்டை நிர்வாகம் பண்ண வனத்துறை போடுற திட்டமான ஒர்க்கிங் பிளான் இதெல்லாமும் ஆதாரம்தான். இங்க பல காடுகள 1882 வனச் சட்டப்படி ரிசர்வ் பண்ணுனப்பவே எந்த ஊர் மாடு எந்த வழியா போகும், எங்க தண்ணி குடிக்கும்னு விசாரிச்சு எழுதி வச்சிருப்பாங்க, அந்த ஆர்டர் காப்பிய ஆர்டிஐ போட்டுக் கேளுங்க. வீட்டுல பரண் மேல இருக்கிற தகரப் பெட்டியத் தொறந்தா தாத்தா பேர்ல இத்தன உருப்படிக்கு இவ்வளவு கட்டணம்னு எழுதுன மேய்ச்சல் சீட்டு மடிப்புக் கலையாம கெடக்கும், அத லேமினேட் பண்ணாம அப்படியே ஜெராக்ஸ் எடுங்க. காட்டுக்குள்ள பழைய தொழுவோட கல்லுக்கட்டு, மாடு மலை ஏறுறதுக்கு முன்னாடி பொங்கல் வைக்கிற சாமி மரம், தண்ணி காட்டுற சுனை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு இருக்கும்ல, அந்தப் பேரோட வரிசையா எழுதி ஜிபிஎஸ் பாயின்ட்டோட போட்டோ எடுத்து வைங்க. இந்த மாதிரி ஆதாரம் ஒண்ணு போதாது, ஒண்ணுக்கு மேல இருக்கணும்.

விண்ணப்பத்துக்கு தனி ஆளுக்கு ஏ பாரம், மேய்ச்சல் மாதிரி சமுதாய உரிமைக்கு பி பாரம், காட்டையே பாதுகாத்து நிர்வாகம் பண்ற உரிமைக்கு சி பாரம். பாரம் இலவசம், எவனாவது காசு கேட்டா குடுக்காதீங்க. கிராம சபை அமைச்ச வன உரிமைக் குழுக்கிட்ட குடுத்து, வாங்கிக்கிட்டோம்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. குழு நேர்ல பாத்து சரிபார்க்கும், கிராம சபை தீர்மானம் போடும், அது கோட்ட அளவிலான குழுவுக்குப் போய் அங்கேர்ந்து கலெக்டர் தலைமையில இருக்கிற மாவட்டக் குழுவுக்குப் போகும், அவங்க முடிவுதான் கடைசி. கிராம சபைத் தீர்மானம் பிடிக்கலன்னா 60 நாளுக்குள்ள மேல மனு போடலாம். நிராகரிச்சா காரணத்த உங்களுக்கு எழுத்துல சொல்லியாகணும், சும்மா "ரிஜெக்டட்"னு ஒத்த வரில முடிக்கக் கூடாது.

இங்கதான் மேய்ச்சல்காரங்களுக்குப் பெரிய சிக்கல். குழு சரிபார்க்க வர்ற அன்னைக்கு நீங்க மந்தையோட எங்கயோ இருப்பீங்க, ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. இதுக்காகவே இந்தச் சட்டத்தோட ரூல்ஸ்ல 12(1)(சி)ன்னு ஒண்ணு இருக்கு, மேய்ச்சல்காரங்க, நாடோடிப் பழங்குடிங்க போட்ட விண்ணப்பத்த அவங்களோ அவங்க பிரதிநிதியோ இருக்கிற நேரத்துலதான் சரிபார்க்கணும்னு. 2012 திருத்தத்துல இன்னும் ஒரு படி மேல போய், இவங்க விண்ணப்பம் போடுறதுக்கு மாவட்டக் குழுவே உதவி பண்ணணும்னு வச்சிருக்காங்க. அதனால விண்ணப்பத்தோடயே எந்த மாசம் மலையில இருப்போம், எந்த மாசம் கீழ இருப்போம், எந்த வழியா போவோம்னு ஒரு பேப்பர் எழுதி இணைச்சிடுங்க. அந்த ஒரு பேப்பர் இருந்தா ஆள் இல்லன்னு எழுதுறது அவ்வளவு சுலபம் இல்ல.

சரணாலயம் பக்கம் இருக்கிறவங்க கொஞ்சம் கவனமா படிங்க. 2022 மார்ச்ல மெட்ராஸ் ஹைகோர்ட் முதல்ல தமிழ்நாட்டுக் காடு முழுக்க கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டு, அப்புறம் அத சரணாலயம், நேஷனல் பார்க், புலிகள் காப்பகம்னு சுருக்குனாங்க. ஈரோட்டுப் பக்கம் 2024ல தந்தை பெரியார் சரணாலயம் அறிவிச்சதுக்கு அப்புறம் பர்கூர்க்காரங்களுக்கு இது வாசல் வரைக்கும் வந்துடுச்சு. விண்ணப்பத்த சரிபார்த்து முடிக்கிற வரைக்கும் யாரையும் அனுபவத்துல இருக்கிற காட்டு நிலத்துலேர்ந்து வெளியேத்தக் கூடாதுன்னு வன உரிமைச் சட்டத்தோட 4(5) பிரிவு சொல்லுது, ஆனாலும் உரிமைப் பட்டயம் கையில இல்லாம உள்ள போனா கேஸ் ஆகலாம், அதனால விண்ணப்பத்தத் தள்ளிப் போடாதீங்க.

உரிமை கிடைச்சா எத்தன உருப்படி வேணா எங்க வேணா விடலாம்னு நினைக்கிறதும் தப்பு. 5வது பிரிவு வன உயிரினம், நீர்ப்பிடிப்புப் பகுதி, தண்ணி ஆதாரம் எல்லாத்தையும் காப்பாத்துற பொறுப்ப உரிமையோடயே சேர்த்துக் குடுக்குது, யாரு எவ்வளவு பயன்படுத்தலாம்னு கட்டுப்படுத்துற அதிகாரமும் கிராம சபைக்கு இருக்கு. இது நம்ம பெரியவங்களுக்குப் புதுசு இல்ல. மந்தை நகர்ந்துக்கிட்டே இருந்தா பின்னாடி விட்ட இடத்துல புல்லு திரும்பத் தழைக்கும், சாணமும் புழுக்கையும் மண்ணுக்கு உரமாகும். ஒரே சுனைக்குப் பக்கத்துல மாசக்கணக்கா நின்னா கரை மிதிபட்டு இடிஞ்சு தண்ணி கலங்கும், மாடு கடிக்கிற புல்லு போய் கடிக்காத உண்ணிச்செடிதான் மிஞ்சும், மானும் காட்டெருமையும் அதே தண்ணிக்குத்தான் வரணும். கோமாரி மாதிரி நோயும் இப்படிப் பரவும். அதனால சரணாலயத்துக்குள்ள தடுப்பூசி போடாத கால்நடைய மேய்க்கக் கூடாதுன்னு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 33ஏ சொல்லுது, சுத்தி 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற கால்நடைக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு பண்றதும் அரசோட பொறுப்பு. அந்த ஊசிச் சீட்டையும் பத்திரமா வைங்க, கேட்டா காட்டலாம்.

கடைசியா, இந்தச் சட்டம் வன நிலத்துக்கு மட்டும்தான். கீழ இறங்கி கெடை போடுற வயல், கண்மாய் உள்வாய் எல்லாம் இதுல வராது. ஊர் மாடு ஆடு மேய விட்ட பொது நிலமான மேய்க்கால் புறம்போக்கு வருவாய்த்துறை கையில இருக்கு, அத யாராவது ஆக்கிரமிச்சிருந்தா 2011 ஜனவரில ஜக்பால் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பக் காட்டி தாசில்தாருக்கு மனு குடுங்க, ஊர்ப் பொது நிலத்த மீட்க மாநில அரசுங்க திட்டம் போடணும்னு அதுல உத்தரவே இருக்கு. மனுவுல சர்வே நம்பர் கட்டாயம் இருக்கணும், அத விஏஓ ஆபீஸ்ல ஊர் நில விவரம் எழுதியிருக்கிற அ-பதிவேட்டப் பாத்து எடுத்துக்கலாம்.