கூட்டாளுகை: ‘ஷேர்ட் கவர்னன்ஸ்’ தமிழில் எப்படி வரும்?

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு தாள் வந்தது. அதில் ஒரு தலைப்பு: ‘பகிரப்பட்ட ஆளுமையில் பீடத்தின் பங்கேற்பு’. மூன்று முறை படித்தேன். எல்லாம் தமிழ்ச் சொற்கள்தான், ஆனால் யார், யாரோடு சேர்ந்து, எதைச் செய்கிறார்கள் என்று பிடிபடவில்லை. மூலத்தைத் தேடிப் பார்த்தால் ‘ஃபேகல்டி பார்ட்டிசிபேஷன் இன் ஷேர்ட் கவர்னன்ஸ்’ என்று இருந்தது. அதில் பொருளுள்ள சொற்கள் நான்கு. நான்கும் தமிழுக்கு வரும் வழியில் எங்கோ இடறியிருந்தன.

முதலில் ‘ஷேர்ட் கவர்னன்ஸ்’ என்பதன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பல்கலைக்கழகத்தில் எதைக் கற்பிப்பது, யாரைப் பணியில் சேர்ப்பது, யாருக்குப் பதவி உயர்வு தருவது, பணத்தை எதில் போடுவது என்பவற்றை ஒருவர் மட்டும் முடிவு செய்யாமல், ஆட்சிக்குழுவும் நிர்வாகத் தலைமையும் ஆசிரியர்களும் சேர்ந்து முடிவு செய்யும் முறை இது. சேர்ந்து என்றால் எல்லாரும் எல்லாவற்றிலும் கைவைப்பது என்று அர்த்தமில்லை. எந்த விஷயத்தில் யார் சொல் முதலில் நிற்கும் என்ற கணக்கும் இதற்குள் உண்டு.

இப்போது ‘ஃபேகல்டி’. இலத்தீனில் ‘ஃபகுல்தாஸ்’ என்றால் ஆற்றல், செய்யும் திறன். இடைக்கால ஐரோப்பாவில் அது ஓர் அறிவுத்துறைக்குப் பெயரானது, பிறகு அந்தத் துறையைக் கற்பிக்கும் ஆசிரியர் கூட்டத்துக்கும் பெயரானது. பார்க்கும் ஆற்றல், கேட்கும் ஆற்றல் என்ற பழைய பொருளும் ஆங்கிலத்தில் இன்னும் இருக்கிறது. இங்கேதான் தமிழ் ஒரு வேடிக்கை காட்டுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு வழங்கும் ‘புலம்’ என்ற சொல்லும் இதே பாதையில் நடந்திருக்கிறது: புலன் என்றால் ஐம்பொறிகளின் உணர்வு, புலமை என்றால் அறிவு, புலம் என்றால் அறிவுத்துறை. யாரும் திட்டமிட்டு இப்படிப் பொருத்தியிருப்பார்கள் என்று தோன்றவில்லை. இலங்கையில் ‘பீடம்’ என்கிறார்கள், அதன் தலைவர் பீடாதிபதி. அதுவும் நல்ல சொல்தான்.

ஆனால் நம் தலைப்புக்கு இரண்டுமே பொருந்தாது. புலமும் பீடமும் அமைப்பின் பெயர்கள். அமெரிக்க வழக்கில் ‘ஃபேகல்டி’ என்றால் ஆட்கள், கற்பிக்கிறவர்கள் அத்தனை பேரும். நம் கல்லூரிகளில் ஒரே ஒரு ஆசிரியரைக்கூட ‘அவர் எங்க ஃபேகல்டி’ என்று சொல்வது வேறு கதை. ஆகவே இங்கே ‘ஆசிரியர்கள்’ என்று எழுதினால் போதும். பேராசிரியர்கள் என்று எழுதினால் உதவிப் பேராசிரியரும் விரிவுரையாளரும் வெளியே போய்விட்டதுபோல் ஆகிவிடும்.

‘கவர்னன்ஸ்’ கடலிலிருந்து வந்த சொல். கிரேக்கத்தில் ‘குபெர்னான்’ என்றால் சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்துவது. இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்தது. நமக்குப் பழகிய கவர்னரும் இந்தக் குடும்பம்தான். தமிழிலும் ஆட்சியைச் ‘செலுத்து’கிறோம், தேரைச் செலுத்துவதுபோல. நிர்வாகம் என்பது இதற்குள் ஒரு பகுதி மட்டும்: எடுத்த முடிவை நடத்திக் காட்டுவது. எந்தத் திசைக்குப் போவது, அதை யார் சொல்வது என்பதுதான் கவர்னன்ஸ். அதற்கு ‘ஆளுகை’ சரி. அரசு அலுவல் தமிழில் ‘மின் ஆளுமை’ என்று ஒரு வழக்கு ஊன்றிவிட்டது. அதைப் பார்த்துத்தான் என் கைக்கு வந்த தாளிலும் ‘ஆளுமை’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘பகிரப்பட்ட ஆளுமை’ என்று படிக்கும்போது ஒரே குணம் இரண்டு பேருக்கு இருப்பதுபோல் இருக்கிறது!

அப்புறம் ‘ஷேர்ட்’. உண்மையான சிக்கல் இதில்தான். ஆங்கில ‘ஷேர்’ முதலில் வெட்டுதல், துண்டாக்குதல் என்ற பொருளில் பிறந்த சொல். நம் ‘பகிர்’ என்பதும் ‘பகு’வோடு சேர்ந்தது. ஒரு பொருளைக் கூறு போட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டால் பகிர்ந்தோம் என்கிறோம். அப்படியானால் ‘பகிர்ந்த ஆளுகை’ சரிதானே என்று கேட்கலாம். பாதி சரி. கூறு போட்டபின் உன்னுடையது உனக்கு, என்னுடையது எனக்கு என்று ஆகிவிடுகிறது. சொத்தைப் பிரித்துக்கொண்ட பங்காளிகள் போல, வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. இந்த முறையின் உயிர் அதற்கு நேரெதிரான இடத்தில் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள 1966-க்குப் போக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் 1915-இல் தொடங்கியது. அது 1966-இல், கல்வி நிறுவனங்களின் அமைப்பு ஒன்றோடும் ஆட்சிக்குழுக்களின் அமைப்பு ஒன்றோடும் சேர்ந்து, கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் எப்படி ஆளப்பட வேண்டும் என்று ஓர் அறிக்கை வகுத்தது. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனமும் பதவி உயர்வும், மாணவர் வாழ்வில் கல்வியோடு ஒட்டிய பகுதி ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கு என்றது. கடைசி முடிவு ஆட்சிக்குழுவிடம்தான் இருக்கும். ஆனால் இந்த விஷயங்களில் ஆசிரியர்களுக்கு எதிராக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது அரிதாகவே நடக்க வேண்டும், நடந்தால் காரணத்தை ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. என் கண்ணில், ‘காரணத்தைச் சொல்ல வேண்டும்’ என்ற அந்த ஒரு சொற்றொடரில்தான் முழு விஷயமும் தொங்குகிறது. வேலி இருக்கிறது, ஆனால் வேலியைத் தாண்டினால் வாய் திறந்து விளக்கம் சொல்லியாக வேண்டும். அந்த அறிக்கையின் ஒரு பகுதிக்கு வைத்த தலைப்பே ‘ஜாயிண்ட் எஃபர்ட்’, அதாவது கூட்டு முயற்சி. வெட்டிப் பிரிப்பதை அல்ல, கூடிச் செய்வதைத்தான் வகுத்தவர்களே மனதில் வைத்திருக்கிறார்கள். ஆகவே என் தேர்வு ‘கூட்டாளுகை’. கூட்டாட்சி என்றும் வைத்திருக்கலாம், ஆனால் அது மாநிலங்களும் மத்தியும் சேர்ந்த அரசமைப்புக்கு ஏற்கெனவே போய்விட்டது.

இந்த எண்ணம் 1966-இல் முளைத்ததும் அல்ல. ‘யூனிவர்சிட்டி’க்கு மூலமான ‘யூனிவர்சிதாஸ்’ ஒரு கட்டடத்தின் பெயர் அல்ல, ஒரு சங்கத்தின் பெயர். இடைக்காலப் பாரிசில் ஆசிரியர்கள் சங்கமாகக் கூடினார்கள். இத்தாலியின் போலோஞாவில் கூடியவர்கள் மாணவர்கள். பாடத்தைத் தாமதமாகத் தொடங்கிய ஆசிரியருக்கு அங்கே மாணவர்கள் அபராதம் போட்டதும் உண்டு. தமிழில் முன்பு வழங்கிய ‘சர்வகலாசாலை’யில் சாலை என்பது இடம். அதை விட்டுப் ‘பல்கலைக்கழகம்’ என்றோம். கழகம் என்றால் கூடிய கூட்டம். அந்த வகையில் நம் சொல் மூலத்தின் பக்கம் தானாகவே நகர்ந்திருக்கிறது.

சரி, கூடும் அவைகளுக்கு என்ன பெயர்? ‘செனட்’ உரோமைச் சொல், ‘செனெக்ஸ்’ என்ற முதியவரிலிருந்து வந்தது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இதை ‘மூதவை’ என்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாக யாராலும் சொல்ல முடியாது. அங்கே ‘பேரவை’ என்றால் கவுன்சில். தமிழ்நாட்டில் ‘ஆட்சிப் பேரவை’ என்றால் செனட். ஒரே ‘பேரவை’ இரண்டு கரைகளில் இரண்டு அவைகளைக் குறிப்பதால், இரண்டு பக்கத்து ஆவணங்களையும் கையாளுகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிண்டிகேட்டுக்கு ‘ஆட்சிக்குழு’ என்பதே நல்லது. பேச்சுவழக்கில் சிண்டிகேட் போடுவது என்றால் சில பேர் உள்ளுக்குள் கைகோத்துக்கொள்வது என்று ஆகிவிட்டதும் ஒரு காரணம்.

கடைசிச் சொல் ‘பார்ட்டிசிபேஷன்’. அகராதியைத் திறந்தால் பங்கேற்பு. கல்யாணத்திலும் பங்கேற்கலாம், கருத்தரங்கிலும் பங்கேற்கலாம். போனோம், உட்கார்ந்தோம், வந்தோம். கூட்டப் பொருள் நிரலை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே சிறிதாக ஒரு சொல் இருக்கும்: ‘தகவலுக்காக’, ‘கருத்துக்காக’, ‘ஒப்புதலுக்காக’. மூன்றிலும் ஆசிரியர்கள் பங்கேற்கிறார்கள். ஒன்றில் மட்டும்தான் அவர்கள் கையை உயர்த்தாவிட்டால் காரியம் நின்றுபோகும்.

அப்படி நின்றுபோன காரியம் ஒன்று 1985 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது. அங்கே படித்துப் பிரிட்டிஷ் பிரதமரான மார்கரெட் தாட்சருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருவது என்பது யோசனை. கல்விக்கான நிதியை அவருடைய அரசு வெட்டியதில் ஆசிரியர்களுக்குக் கோபம். யோசனை, ஆசிரியர்கள் கூடி வாக்களிக்கும் ‘காங்கிரகேஷன்’ என்ற அவைக்கு வந்தது. எதிராக 738 வாக்கு, ஆதரவாக 319. பட்டம் இல்லை.

இந்த உரிமை எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு விபரீதச் சான்றும் உண்டு. 1980-இல் யெஷீவா பல்கலைக்கழக வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது: இந்த ஆசிரியர்கள் பாடத்திட்டம் முதல் நியமனம் வரை முடிவு செய்வதால் இவர்களும் நிர்வாகத் தரப்பே, ஆகவே தொழிற்சங்கமாகப் பேரம் பேசச் சட்டம் தரும் பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது. ஆளுகையில் சொல் செல்லுபடியாகிறது என்பதே அவர்களுக்கு வினையாகிவிட்டது. வெறுமனே வந்து உட்கார்ந்தவர்களாக இருந்திருந்தால் அந்த வழக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

எனவே ‘பங்கேற்பு’ என்பதை அடித்துவிட்டுப் ‘பங்கு’ என்று எழுதினேன். ஒருவர் கொடுப்பது பங்களிப்பு, வந்து கலந்துகொள்வது பங்கேற்பு, அவருக்கென்று இருப்பது பங்கு. தலைப்பு இப்படி ஆனது: ‘பல்கலைக்கழகக் கூட்டாளுகையில் ஆசிரியர்களின் பங்கு’. அனுப்பினேன். அச்சுப்படி திரும்பி வந்தபோது கூட்டாளுகை இருந்தது, ஆசிரியர்கள் இருந்தார்கள். ‘பங்கு’ மட்டும் ‘மேலான பங்களிப்பு’ ஆகியிருந்தது.