சிபியு 100 விழுக்காடு: கில் கட்டளைக்கு முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸ் மேசைக் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி ஒரே கேள்வியோடு வருகிறது: "சார், சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, டாப்ல பார்த்தா ஒரு ப்ராசஸ் நூறு பர்சென்ட் ஓடுது, கில் பண்ணிடலாமா?" ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, அதாவது ப்ராசஸ்களை, அவை எடுக்கும் சிபியு அளவோடு பட்டியலிடும் டாப் கட்டளையைத் திறந்து பார்க்கத் தெரிந்திருப்பது நல்ல தொடக்கமே. ஆனால் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் பலர் கில் கட்டளையால் ப்ராசஸைக் கொன்றுவிடுகிறார்கள், அல்லது இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள், அல்லது புதுக் கணினிக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சிபியு தானாக எதையும் செய்வதில்லை. யாரோ கொடுத்த வேலையைத்தான் செய்கிறது. கொடுத்தது யார் என்று தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை கோளாறை ஒத்திப்போடுமே தவிர, தீர்க்காது.

முதலில் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். டாப் காட்டும் 100 என்பது சிபியுவுக்குள் தனித்து வேலை செய்யும் அலகுகளில் ஒன்று, அதாவது ஒரு கோர், முழுமையாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்றே பொருள்படும். நான்கு கோர் உள்ள இயந்திரத்தில் ஒரே ப்ராசஸ் 400 வரை காட்டலாம். க்னோம் மேசைத்தளத்தின் சிஸ்டம் மானிட்டரில் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டும் தெரிவு இயக்கத்தில் இருந்தால், டாப்பில் 100 காட்டிய அதே ப்ராசஸ் அங்கே 25 என்று தெரியும். இரண்டும் சரியே. ப்ராசஸ்களை ஒருமுறை பட்டியலிட்டுக் காட்டும் பி.எஸ். கட்டளையின் கணக்கு வேறு: ஒரு ப்ராசஸ் தொடங்கிய நேரத்திலிருந்து இதுவரை சராசரியாக எவ்வளவு சிபியு எடுத்தது என்பதையே அது சொல்கிறது. ஆகவே, காலையில் திறந்த உலாவி மாலையில் திடீரென்று முழு வேகத்தில் ஓடத் தொடங்கினாலும், பி.எஸ். பட்டியலில் அது அடக்கமாகவே தெரியும்.

ப்ராசஸ் பட்டியலுக்கு மேலே, சிபியு என்று தொடங்கும் ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் அந்தத் திரையிலேயே மிக மதிப்புள்ள வரி அதுதான். யு.எஸ். என்பது பயனர் நிரல்கள் எடுத்த நேரம், எஸ்.ஒய். என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல் எடுத்த நேரம், டபிள்யு.ஏ. என்பது வட்டிலிருந்து தரவு வரட்டும் என்று சிபியு சும்மா காத்திருந்த நேரம். யு.எஸ். உயர்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு நிரலைத் தேட வேண்டும்; எஸ்.ஒய். உயர்ந்திருந்தால் வன்பொருளை இயக்கும் டிரைவர், வன்பொருள், அல்லது கெர்னலை ஓயாமல் அழைத்துக்கொண்டிருக்கும் ஒரு நிரல் என்று சந்தேகிக்க வேண்டும், டபிள்யு.ஏ. உயர்ந்திருந்தால் சிபியுவை விட்டுவிட்டு வட்டைப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றாவது நிலையில்தான் பணம் வீணாகிறது. லோட் ஆவரேஜ் என்ற பெயரில் டாப் காட்டும் மூன்று எண்கள் கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கானவை. லினக்ஸ் கெர்னல் 1993 முதல், சிபியுவுக்காக வரிசையில் நிற்கும் ப்ராசஸ்களோடு, வட்டு பதில் தரும் வரை எதற்கும் அசையாமல் காத்திருக்கும், அதாவது குறுக்கிட முடியாத உறக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. எனவே, லோட் 9 என்று நிற்கும்போதே சிபியு ஏறக்குறைய ஓய்வில் இருக்கலாம். ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இப்படி ஒரு கணினிக்குக் கூடுதல் ராம் வாங்கிப் போட்டிருந்தார்கள், வேகம் கூடவில்லை. டாப்பில் நிலையைக் குறிக்கும் பத்தியில் ஐந்தாறு ப்ராசஸ்களுக்கு அந்த உறக்கத்தைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்து நின்றது; கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்ததும், வட்டின் ஒரே பகுதியைப் படிக்க முடியாமல் கெர்னல் மீண்டும் மீண்டும் பிழை எழுதியிருந்தது திரை முழுக்க வந்தது. ஹார்டு டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தது. அந்த நிலையில் முதல் வேலை வேகத்தைக் கூட்டுவதன்று, கணக்குக் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுப்பது.

யு.எஸ். உயர்ந்து, பட்டியலின் தலையில், க்னோமின் திரையையும் சாளரங்களையும் நிர்வகிக்கும் க்னோம் ஷெல் நிற்பது இன்னொரு வழக்கமான காட்சி. சாளரத்தை நகர்த்தினால் இழுபடும், மெனு திறக்கத் தாமதமாகும், வேறெந்த நிரலும் திறந்திராத நிலையிலும் சிபியு குறையாது. இங்கே நான் முதலில் பார்ப்பது அமைப்புகளில் கணினி பற்றிய பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்பதற்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதை. இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று இல்லாமல் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது: கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை, ஆகவே மெசா நூலகம் திரையின் ஒவ்வொரு சட்டகத்தையும் சிபியுவைக் கொண்டே வரைகிறது. க்னோம் ஷெல்லில் குற்றமில்லை. கிராஃபிக்ஸ் சில்லான ஜிபியு செய்ய வேண்டிய வேலையை அது சிபியுவில் செய்துகொண்டிருக்கிறது.

என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது பெரும்பாலும் கெர்னல் புதுப்பிப்புக்கு மறுநாள் நிகழும். டிரைவர் கட்டத் தேவையான, புதிய கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பு இல்லாததால், ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் புது டிரைவரைக் கட்டியிருக்காது. அல்லது கட்டியிருக்கும், ஆனால் நம்பகமான கையொப்பம் கேட்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருப்பதால் கையொப்பமில்லாத அந்த டிரைவர் மாட்யூலைக் கெர்னல் ஏற்க மறுத்திருக்கும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளை முதலாவதைக் காட்டிக்கொடுக்கும்; மோட்ப்ரோப் கொண்டு மாட்யூலைக் கையால் ஏற்ற முயன்றால், சாவி நிராகரிக்கப்பட்டது என்று வரும் பிழை இரண்டாவதைக் காட்டிக்கொடுக்கும். அவசர வேலை கையில் இருப்பவர்கள் கணினியை மறுதொடக்கம் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். டிரைவரைப் பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம். இதற்காக இயங்குதளத்தை அழித்து நிறுவிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

டிரைவர் சரியாக இருந்தும் க்னோம் ஷெல் உயர்ந்திருந்தால் நீட்சிகளைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் நிரலில் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அணைக்கலாம். அணைத்ததும் சிபியு இறங்கினால், பாதி பாதியாக இயக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். எக்காரணம் கொண்டும், திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்ட் அமர்வில் க்னோம் ஷெல்லைக் கில் செய்யாதீர்கள். பழைய எக்ஸ்11 அமர்வில் அது மீண்டும் எழும், திறந்த சாளரங்கள் அப்படியே இருக்கும். வேலண்டில் அதுவே திரைச் சேவையகமும் ஆகையால், அது விழுந்தால் அமர்வு முழுவதும் விழும், சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும்.

தேடல் அட்டவணை தயாரிக்கும் நிரல்களும் அடிக்கடி பழி ஏற்கின்றன. க்னோமில் டிராக்கர், இன்னொரு மேசைத்தளமான கேடிஇயில் பலூ. டிராக்கர் 2024-இல் வெளிவந்த க்னோம் 47-லிருந்து லோக்கல்சர்ச் என்று பெயர் மாறியிருப்பதால், புதிய பெயரைப் பட்டியலில் பார்த்துப் பதறுவோரும் உண்டு. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரு கோப்புறையில் கொட்டினால் இவை சிறிது நேரம் கடுமையாக உழைக்கும். விட்டுவிட்டால் முடித்துக்கொண்டு அடங்கும். கொன்றால், பல கணினிகளில், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி மீண்டும் எழுப்பிவிடும். நாள்கணக்கில் அடங்கவில்லை என்றால் மட்டும், சிதைந்த ஏதோ ஒரு கோப்பில் அவை சிக்கியிருக்கக்கூடும் என்று கருதி, அந்தக் கோப்புறையைத் தேடல் அமைப்புகளிலிருந்து விலக்க வேண்டும்.

உலாவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும், ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பெட்டியில் 'அபவுட்' என்ற சொல்லோடு முக்காற்புள்ளியும் 'ப்ராசஸஸ்' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் சேர்த்து இட்டாலும், எந்தத் தாவல் சிபியுவைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். காணொளி ஓடும்போது மட்டும் உயர்ந்தால் கேள்வி கோடெக், அதாவது காணொளியைச் சுருக்கும் வடிவம், பற்றியது: ஏவி1 வடிவத்தை வன்பொருளிலேயே பிரிக்கும் திறன் இன்டெலின் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸில் 2020-இல் வந்த டைகர் லேக் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய கணினிக்கு ஏவி1 காணொளி வந்தால் அந்தச் சுமை முழுவதும் சிபியுவின் தலையில் விழும். எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றைச் சேர்த்தால் போதும். பழைய மடிக்கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

எஸ்.ஒய். உயர்ந்து, சதுர அடைப்புக்குறிக்குள் கேவொர்க்கர் என்ற பெயர் மேலே நின்றால், அது கெர்னலின் சொந்த இழை. கில் கட்டளைக்கு அது அசையாது. ஒரு கோர் மட்டும் விடாமல் உயர்ந்திருந்தால், சிஸ் கோப்பகத்தில் ஃபர்ம்வேரின் கீழ், வன்பொருள் நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் காட்டும் ஏசிபிஐ இன்டரப்ட்ஸ் கோப்புகளைப் படித்துப் பார்ப்பேன். மற்ற எண்கள் ஒற்றை இலக்கத்தில் இருக்க, ஜிபிஇ எனப்படும் அந்த நிகழ்வுகளில் ஒன்று மட்டும் லட்சக்கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தால், வன்பொருளோ, அதில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளான பயாஸோ காரணமின்றிக் கெர்னலைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். அந்த ஒன்றைத் தற்காலிகமாக முடக்கலாம். ஆனால் சில மாதிரிகளில் மூடியை மூடினால் உறங்குவது, ஒளிர்வு விசைகள் போன்றவை அதோடு சேர்ந்தே நின்றுபோகும். பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதே முறையான வழி.

எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புவது கேஸ்வாப்டி0 என்ற பெயரைப் பற்றி. உண்மையான கேஸ்வாப்டி0 கெர்னலின் நினைவக மேலாளர். ராம் போதாதபோது பக்கங்களை விடுவிக்க அது ஓடும். ராம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் அவெய்லபிள் என்ற எண் மிகக் குறைந்திருப்பதைக் காணலாம். உலாவித் தாவல்களை மூடினால் அடங்கும். ஆனால் இதே பெயரைச் சூட்டிக்கொண்டு கிரிப்டோ நாணயம் தோண்டும் தீநிரல்கள் பல ஆண்டுகளாக உலவுகின்றன. பெயரைப் பார்த்து, கெர்னலுடையதாயிற்றே என்று பயனர் விட்டுவிடுவார் என்பதே அவற்றின் கணக்கு. போலியை அறிவது எளிது. உண்மையானது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் பெயரில், 2 என்ற எண்ணுள்ள தாய் ப்ராசஸின் கீழ் இருக்கும், பி.எஸ். பட்டியலில் அதன் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள் வரும். ப்ராக் கோப்பகத்தில் அதன் எண்ணுக்குரிய, நிரல் கோப்பைக் காட்டும் எக்ஸி இணைப்பு எந்தக் கோப்பையும் சுட்டாது. போலியோ சாதாரணப் பயனரின் பெயரில் ஓடும். அதன் எக்ஸி இணைப்பு, வீட்டுக் கோப்பகத்தில் புள்ளியில் தொடங்கும் மறைவான ஒரு கோப்புறையைச் சுட்டும். ராம் ஏராளமாக மீதமிருக்க, எல்லாக் கோர்களும் இரவும் பகலும் 100-இல் நின்றால் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்.

போலி என்று உறுதியானால் கில் செய்வதில் பயனில்லை. குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவைக்கும் கிரான் அட்டவணையில் அது தன்னை எழுதி வைத்திருக்கும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் சாவிப் பட்டியலில் வேறொருவருடைய சாவியையும் செருகியிருக்கும். எளிய கடவுச்சொல்லோடு எஸ்எஸ்எச் இணையத்திற்குத் திறந்து கிடந்ததே பெரும்பாலும் அது உள்ளே வந்த வழி. இணையக் கேபிளைப் பிடுங்கி, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றுவதே சரி. அழித்து நிறுவுங்கள் என்று நான் தயங்காமல் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

சில நேரம் வேலை கூடியிருக்காது. சிபியுவின் வேகம்தான் குறைந்திருக்கும். விழுக்காடு என்பது அந்த நேரத்து வேகத்தை அடிப்படையாகக் கொண்டது. 3,000 மெகாஹெர்ட்சில் ஓட வேண்டிய கோர் 800-க்கு இறங்கிவிட்டால், சாதாரண வேலைக்கே 100 காட்டும். சென்சார்ஸ் கட்டளையில் வெப்பநிலையையும், ப்ராக் கோப்பகத்தின் சிபியுஇன்ஃபோ கோப்பில் நடப்பு மெகாஹெர்ட்சையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில், தூசி அடைத்த விசிறியோடு இருக்கும் மடிக்கணினிக்கு ஒரு தூரிகையும் புதிய தெர்மல் பேஸ்டும் செய்வதை எந்த மென்பொருளும் செய்யாது. அசல் சார்ஜரை அடையாளம் காண முடியாதபோது வேகத்தை அடிமட்டத்தில் பூட்டிவிடும் மாதிரிகளும் உண்டு. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

கில் செய்தே ஆக வேண்டிய தருணங்களும் வரும். அப்போதும், உடனே நிறுத்திவிடும் 9-ஆம் சமிக்ஞையில் தொடங்கக் கூடாது. எண் எதுவும் தராமல் கில் கொடுத்தால் செல்வது 15; கோப்புகளை எழுதி மூடிக்கொள்ள நிரலுக்கு அது அவகாசம் தரும். 9 அந்த அவகாசத்தைத் தராது. தொகுப்புகளை நிறுவிக்கொண்டிருக்கும் டிபேக்கேஜை 9 கொண்டு கொன்றால், பாதி நிறுவிய நிலையில் அமைப்பு நின்றுவிடும். பிறகு விடுபட்ட உள்ளமைவை முடிக்கும் கட்டளையைக் கொடுத்து மீட்டெடுக்க வேண்டியிருக்கும். தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுவதால்தான் மந்தம் என்று தெரிந்தால், ரீநைஸ் கட்டளையால் அதன் முன்னுரிமையை ஆகக் கடைசியான 19-க்குத் தள்ளிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் சிபியு எடுக்கிறது என்று அதைக் கொன்றுவிட்டு, தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஐபஸ் ரீஸ்டார்ட் என்ற கட்டளையே அதற்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு புதிர். மொத்த சிபியு உயர்ந்திருக்கிறது, ஆனால் பட்டியலில் எந்த ப்ராசஸும் பெரிதாக இல்லை. டாப் 3 நொடிக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கிறது. அந்த இடைவெளியில் பிறந்து மறையும் ப்ராசஸ்கள் அதன் கண்ணில் படாது. தொடங்கியவுடன் விழுந்து, சிஸ்டம்டியால் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் ஒரு சேவையே பெரும்பாலும் காரணம். அமைப்பின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையைத் தொடர்ந்து காட்டும் முறையில் ஓடவிட்டால் ஒரே பெயர் வரிசையாக வந்து விழும். எப்போதோ வந்து போகும் உயர்வுக்கு ஏடாப்பை நிறுவி வைக்கலாம். சீரான இடைவெளியில் அது பதிவு செய்துகொண்டே இருப்பதால், நேற்று மாலை மந்தமான அந்த நேரத்துக்கு இன்று திரும்பிப் போய்ப் பார்க்க முடியும். என்னை அழைப்பவர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான்: மறுதொடக்கம் செய்வதற்கு முன், மேல்வரிகள் உட்பட டாப் திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மறுதொடக்கம் செய்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.